வழியனுப்ப வந்தவர்கள்

என் நானாவின் இருமலை நான் முதலில் கேட்டது தொலைபேசியில். ஒரு வசனம் முடிவதற்குள் இரண்டு தடவை இருமினார்.

"தூசி தங்கச்சி. கருவாட்டுக் கொட்டில்ல நிண்டனா, மூக்குல ஏறிட்டு" என்றார்.

மீசை முளைத்த நாளிலிருந்து கருவாட்டோடு புழங்குகிற அண்ணன் அவர். அவருடைய மூக்கில் அன்றைக்குத்தான் தூசி ஏறியதாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"காய்ச்சல் இரிக்கா நானா?"

"காய்ச்சலும் இல்ல, ஒண்டும் இல்ல. கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சன், ஆவி புடிச்சன். செரியாப் போச்சு."

காய்ச்சல் இல்லாதவர் எதற்கு ஆவி பிடித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சண்டை வந்திருக்கும். பயணத்துக்கு முன் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடிக்கொண்டதற்கு இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒரு இருமலுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் ஒரே மகள் அப்போது கட்டாரில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். மருமகனுக்கு அங்கே குளிர்சாதன இயந்திரம் திருத்துகிற வேலை. முதல் கரு வயிற்றிலேயே போனபோது நாட்டில் விமான நிலையம் மூடிக் கிடந்தது. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து போனில் அழுதாள். நான் எத்தாளையில், எங்கள் வெங்காயத் தோட்டத்தின் நடுவே சிக்னல் கிடைக்கிற ஒரே இடத்தில் நின்று அழுதேன். அவ்வளவுதான் ஒரு தாயால் அன்றைக்குச் செய்ய முடிந்தது.

எங்கள் சனங்களில் தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவாள். நாற்பது நாள் கழியும் வரை அவளைக் குளிக்க வார்ப்பதும், பத்தியம் சமைத்துக் கொடுப்பதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிவதும் தாயின் வேலை. மகளால் வர முடியாது. ஆகவே நான் போக வேண்டும். மருமகன் அவனுடைய கம்பனியில் கெஞ்சிக் கூத்தாடி எனக்கு விசா எடுத்தான்.

"உம்மா, இந்த முறை நீங்க பக்கத்துல இரிக்கணும். வேற ஒண்டும் வேணாம்" என்றாள் மகள். வருவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

விமானம் ஏறுவதற்கு முன் மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்பார்கள். கொரோனா இருக்கிறது என்று வந்தால் பயணம் இல்லை. நான் சுகமாகும் வரை வயிற்றுப் பிள்ளை காத்துக்கொண்டு நிற்காது. ஊசி போட்டிருந்தேன். ஆனால் ஊசி போட்டவர்களுக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது.

பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் எனக்குப் படிப்பிக்கிற வேலையும் இல்லை. பெட்டியை அடுக்கி வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, என் வீட்டுக்காரர் இவரையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக் கொட்டிலுக்குக் குடிபோய்விட்டேன். அறுத்த வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிடுகிற கொட்டில். ஒரு பக்கம் வெங்காயம், ஒரு பக்கம் நாங்கள் இரண்டு பேர். இவரைக் கடைக்கும் விடவில்லை, பள்ளிவாசலுக்கும் விடவில்லை. சாமான் தேவையென்றால் கடைக்காரர் வேலியோரம் வைத்துவிட்டுப் போவார். இவர் கொஞ்சம் முணுமுணுத்தார். "வெங்காயத்துக்குக் கூடக் காத்து வேணும் புள்ள" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி என் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எனக்குப் பல் நறநறக்கும்.

எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லாமல் பயணம் போக முடியாது. கொழும்புக்குக் கண் காட்டப் போனாலும் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கடல் கடந்து போவதென்றால் கேட்கவே வேண்டாம். போகிறவர் வீடு வீடாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்க வேண்டும். இருப்பவர்கள் "மாப்பு" என்று சொல்லி, கட்டிப்பிடித்து, முத்தம் கொடுத்து, அழ வேண்டும். பிறகு எல்லாரும் ஒன்றுகூடிச் சஹன் வைத்துச் சாப்பிட வேண்டும். ஒரு பெரிய தட்டில் நெய்ச்சோறும் இறைச்சியும் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஆறு கையும் அதற்குள் போய்வர உண்பது. கொரோனாக் கிருமிக்கு வாயிருந்தால் இதைவிட நல்ல ஏற்பாட்டை அது கேட்டிருக்காது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு சஹன்தான் வழக்கம். ஆனால் நானா, ராத்தா, நான் என்று நாங்கள் உடன்பிறந்தவர்கள் மட்டும் சின்ன வயதிலிருந்து ஒரே சஹனில் உட்காருவோம். அதில் என் இடம் நானாவுக்கு வலது கைப் பக்கம். ஈரலை எப்போதும் என் பக்கம்தான் தள்ளிவிடுவார்.

இந்தச் சொல்லிப் போகிற பழக்கத்தில் நானாவுக்கு வெறியே இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. தொண்ணூறில், யுத்தத்தில், முஸ்லிம்களான எங்களை மன்னாரிலிருந்து விரட்டியபோது நாங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை. உம்மா அடுப்பில் வைத்த பானையை இறக்கக்கூட இல்லை. வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியபோது நானா தலையில் அடித்துக்கொண்டு, "ஒரு சனத்துக்கிட்டயும் சொல்லாம வந்துட்டமே" என்றுதான் அழுதார். வீட்டையும் காணியையும் விட்டு வந்ததற்கு அவர் அப்படி அழுததை நான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எங்கே போனாலும் அவர் வழியனுப்புவார். அது தெரிந்துதான் நான் முதலில் பொறுத்துப் போனேன்.

"வெள்ளிக்கிழம பகல் சஹன் வைக்கிறன். உன்ட பயணத்துக்குத் துஆக் கேக்க வேணும். வீட்டுக்கு வா" என்று ஆலங்குடாவிலிருந்து நானா போன் எடுத்தார். இருமல் இன்னும் இருந்தது.

"நான் வரமாட்டன் நானா. போன்லயே எல்லாரிட்டயும் மாப்புக் கேக்கிறன்."

"போன்ல மாப்பா? நாங்க என்ன, உனக்குக் கடன்காரனுகளா?"

"நீங்க போய் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. இல்லையெண்டு வந்தா நானே வாறன்."

நானா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"பி.எச்.ஐ.க்குச் சொல்லப் போறியா?"

சுகாதாரப் பரிசோதகரைப் பற்றிய இந்தக் கேள்விக்குள் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சனங்களுக்கு நோயைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கொரோனாவில் மௌத்தானவர்களின் மையித்தை எரித்தார்கள். குளிப்பாட்டிக் கபன் துணி இட்டுத் தொழுவித்து அடக்க வேண்டிய உடலை, வீட்டாரின் கையில் கொடுக்காமலே எரித்தார்கள். பிறகு எரிப்பதை நிறுத்தி, கிழக்கில் ஒரு ஊரில் மட்டும் அடக்கலாம் என்றார்கள். ஆகவே காய்ச்சல் வந்தால் எங்கள் ஆட்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால்தானே கணக்கில் வரும் என்று, மல்லித் தண்ணீரையும் பனடோலையும் விழுங்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடப்பார்கள். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை இங்கே எழுதத் தொடங்கினால் மற்றதை எழுத முடியாது.

"நான் மௌத்தானா என்னப் பொலித்தீன்ல சுத்தி எங்கயோ கொண்டு போவாங்க. என்ட மகன்மார் ஒரு புடி மண் போட ஏலா. அதுக்குத்தான் நீ வழி பாக்கிறியா?" என்றார் நானா.

"பயமெண்டா வீட்டுக்குள்ள இரிங்க. ஒருத்தரோடயும் சேராதீங்க. பயப்புடுற மனிசன் எதுக்கு ஊரக் கூட்டிச் சஹன் வைக்கிற?"

"உனக்காகத்தான் வைக்கிறன்" என்று போனை வைத்துவிட்டார்.

எனக்காகத்தான். இந்த ஒரு சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். எனக்கு வேண்டாம் என்று நான் தொண்டை கிழியக் கத்துகிற ஒன்றை எனக்காகத்தான் செய்கிறார்களாம்.

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. அவர்கள் வந்தார்கள்.

கூட்டம் கூடக்கூடாது என்று சட்டம் இருந்த நேரம். நானாவின் கருவாட்டு லொறி எங்கள் தோட்டத்து வேலியோரம் வந்து நின்றது. பின்பக்கத்திலிருந்து மனிதர்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நானாவின் மகன்மார், மருமகள்மார், ராத்தா, ராத்தாவின் மக்கள். மாஸ்க் எல்லாரிடமும் இருந்தது, தாடைக்குக் கீழே. மகன்மார் இரண்டு சஹனைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் வேலிப் படலைக்குக் குறுக்கே போட்டிருந்த தடியை நானாவே எடுத்து ஓரத்தில் வைத்தார். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாகப் பெருநாளைக்கு வந்தவர்போல் இருந்தார். இரண்டு அடி வைத்துவிட்டுத் தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

"கிட்ட வராதீங்க நானா!" என்று கொட்டில் வாசலிலிருந்து கத்தினேன்.

"கிட்ட வரல்ல. சஹன வச்சிட்டு, தூர நிண்டு துஆக் கேட்டுட்டுப் போறம்."

அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ராத்தா வெங்காயப் பாத்திகளை மிதித்துக்கொண்டு என்னை நோக்கி ஓடி வருகிறாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, "என்ட தங்கச்சி, என்ட தங்கச்சி" என்று அழுதுகொண்டு. நானாவின் வீட்டில் நானாவோடு இருப்பவள் அவள்.

எங்கள் பக்கம் வெங்காயத்துக்குக் குழாயால்தான் மழை பெய்விப்போம். பாத்திகளுக்கு நடுவே நட்டு வைத்த குழாய்கள், மோட்டரைப் போட்டால் சுழன்று சுழன்று தண்ணீரை விசிறும். நான் யோசிக்கவே இல்லை. ஓடிப்போய் மோட்டரைப் போட்டேன்.

ஒரே நேரத்தில் அத்தனை குழாயும் திறந்துகொண்டன. ராத்தா பாத்தியில் வழுக்கி உட்கார்ந்தாள். மருமகள்மார் கூக்குரலிட்டுக்கொண்டு படலைக்கு ஓடினார்கள். நானாவின் ஒரு மகன் கையிலிருந்த சஹனை நடுப்பாத்தியில் வைத்துவிட்டு ஓட, நானா அதன்மேல் குனிந்து, சோறு நனையாமல் தன் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். முதுகில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அப்படியே குனிந்து நின்று இருமினார்.

"உனக்குப் பைத்தியமா புள்ள?" என்று சேற்றில் உட்கார்ந்தபடி ராத்தா கத்தினாள்.

"ஓம், பைத்தியம்தான்! போங்க எல்லாரும்! என்ட புள்ளக்கிட்ட என்னப் போக விடுங்க!"

நானா சஹனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். எல்லாரும் அவருக்குப் பின்னால் போனார்கள். எனக்கு மனதுக்குள் ஒரு திருப்தி. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

"நானா பாவம். நான் போய் ரெண்டு வார்த்த சொல்லிட்டு வாறன்" என்றார் இவர்.

"தூர நிண்டு சொல்லுங்க."

"ஓம், ஓம்."

மோட்டரை நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இவர் திரும்பி வர நேரம் எடுத்தது. கோபத்தில் இருப்பவரைச் சமாதானம் செய்ய நேரம் எடுக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன். வந்தவர், "போயிட்டாங்க" என்றார். நனைந்த சேர்ட்டைக் கழற்றிக் காயப் போட்டார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டார். இந்தக் குடும்பத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே ஆள் இவர்தான் என்று அன்றைக்கு நான் மனதார நினைத்தேன்.

பயணம் நெருங்கியதும் இவருடைய மோட்டார் சைக்கிளில் புத்தளம் போய் மூக்கைக் காட்டிவிட்டு வந்தேன். தொண்டையில் ஏதோ ஒரு அரிப்பு இருந்தது. கத்தியதால் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானாவின் தூசி மாதிரித்தான் அதுவும்.

மறுநாள் காலை நான் பெட்டியைக் கடைசி முறையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பால் சுரக்கக் கொடுக்கிற பால்சுறாக் கருவாடு மூன்று பையில் சுற்றி அடியில் இருந்தது. வேர்க்கொம்புச் சுக்கு, ஓமம், மஞ்சள், பிள்ளைக்குத் துணியாகக் கிழித்துத் துவைத்து மடித்த என் பழைய பருத்திச் சேலைகள். போனில் செய்தி வந்தது. நோய் இருக்கிறது என்று வந்தது.

நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். என் பெயர்தான், என் அடையாள அட்டை இலக்கம்தான்.

"எப்படி?" என்று இவரிடம் கேட்டேன். "நாங்க ஒருத்தரையும் கிட்ட எடுக்கல்லயே. இது எப்படி வந்த?"

இவர் தொங்குகிற வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. ஆனாலும் அவர் வாயால் வர வேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"அண்டைக்கு ரோட்டுல, லொறிக்குள்ள வச்சுச் சஹன விரிச்சாங்க. அஞ்சு பேர் இருந்தாங்க. 'மச்சான், ஒராள் குறையிது, வாங்க' எண்டு நானா கூப்பிட்டார். மனிசன் நனைஞ்சு நடுங்கிக்கிட்டு இருந்தார். ஒரு புடிதான் புள்ள. உனக்கெண்டு துஆக் கேட்ட சோறு. வேணாமெண்டு எப்புடிச் சொல்லுற?"

ஒரு பிடி. என் மகளின் பேற்றை அந்த ஒரு பிடிக்குள் வைத்துப் பிசைந்து தின்றுவிட்டு வந்து என் முதுகைத் தடவியிருக்கிறார். நான் கையில் இருந்த வேர்க்கொம்புப் பையைத் தூக்கி எறிந்தேன். அது அவர்மேல் படவில்லை, பட்டிருக்க வேண்டும். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் குனிந்து, சிதறிய வேர்க்கொம்பைப் பொறுக்கத் தொடங்கினார். அந்தப் பொறுமைதான் என்னை இன்னும் பைத்தியமாக்கியது.

அன்றிரவே இரண்டு பேருக்கும் காய்ச்சல். ஒரே கொட்டிலில், நடுவே வெங்காயம் தொங்க, அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் கிடந்தோம். எனக்கு மல்லித் தண்ணீர் அவித்தால் அவருக்கும் ஒரு கோப்பை கொண்டுபோய்த் தரையில் டக்கென்று வைப்பேன். குடித்தாரா இல்லையா என்று பார்க்க மாட்டேன். ஆனால் கோப்பை வெறுமையாக இருக்கிறதா என்று பிறகு போய்ப் பார்ப்பேன்.

நானாவுக்கு மூச்சு எடுக்க முடியாமல் போய், கடைசியில் மகன்மாரே அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஒட்சிசன் கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். ராத்தா போனில் அழுதாள். "அவருக்குத் துஆச் செய்யிறியா?" என்று கேட்டாள்.

செய்தேன். நானா பிழைத்து வர வேண்டும், வந்து என் முன்னால் நிற்க வேண்டும், நான் அவரைக் கேட்க வேண்டியதையெல்லாம் நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் அழுது கேட்டேன். வேறு விதமாக எனக்கு அப்போது கேட்க வரவில்லை.

என் விமானம் போய்ச் சில நாளில் மகளுக்கு நோவு கண்டது. அங்கேயும் கொரோனாச் சட்டம், மருமகனைப் பிரசவ அறைக்குள் விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவன் எனக்குப் போன் எடுத்தான். நான் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற அந்தப் பழைய இடத்தில், காய்ச்சலோடு, போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். அவள் தன்னந்தனியாக, பாஷை தெரியாத தாதிமாருக்கு நடுவே கிடக்க, வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. போனில் அதன் முகத்தைக் காட்டினாள். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. அந்த உதட்டுக்கு ஒரு வாய் தண்ணீர் வைக்கக்கூட அங்கே ஆளில்லை.

"மகள், உம்மாவால வர ஏலாமப் போச்சு" என்றேன்.

"கோவமில்ல உம்மா. நீங்க சொகமாகுங்க" என்றாள்.

பிறகு அவளுக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. தையல் போட்ட வயிற்றோடு அவளே எழும்பிச் சமைத்தாள். மருமகன் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். பக்கத்து அறை மலையாளப் பெண் ஒருத்தி வந்து பிள்ளையைக் குளிக்க வார்த்துக் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு அல்லாஹ் நல்லது செய்யட்டும். ஆனால் அது என் கை செய்ய வேண்டிய வேலை. நான் போனைப் பிடித்துக்கொண்டு, "தலையப் புடிக்கச் சொல்லு, காதுக்குள்ள தண்ணி போவும்" என்று கத்திக்கொண்டிருந்தேன். என் விசாவின் காலம் முடிந்தது. மருமகனின் கம்பனி மறுபடி எடுத்துக் கொடுக்கவில்லை. பெட்டியிலிருந்த பால்சுறா மணக்கத் தொடங்கியதும் ஒருநாள் அதைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன்.

நானா பிழைத்து வந்தார். பாதி ஆளாக வந்தார். ஒருநாள் படலைக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. நான் போட்டிருந்த தடி எப்போதோ போய்விட்டது, ஆனாலும் அது இருக்கிற மாதிரி நின்றார்.

"மாப்புத் தா தங்கச்சி" என்றார். மூச்சு வாங்கியது.

நான் கேட்க வைத்திருந்ததில் ஒன்றும் வாயில் வரவில்லை. "மாப்பு" என்ற சொல்லும் வரவில்லை. சொல்லியிருந்தால் அது பொய்.

"உள்ள வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். வந்தார், குடித்தார், போனார்.

அதற்குப் பிறகு நான் யாருடைய சஹனிலும் உட்காருவதில்லை. கலியாணமோ கந்தூரியோ, எனக்கு ஒரு பீங்கான் தட்டு தனியாக வேண்டும். ஊரில் கொரோனாவை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மாஸ்க்கை ஆட்டுக்கு வாய்க்கட்டாகப் போட்டதையும் பார்த்தேன். "இன்னும் பயமா உனக்கு?" என்று ராத்தா சிரிப்பாள். பயமில்லை, கோபம் என்று சொன்னால் அவள் சிரிப்பு நின்றுவிடும் என்பதால் சொல்ல மாட்டேன். நானா மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை. அவருக்கு வலது கைப் பக்கம் வேறு யாரையும் உட்கார விடுவதுமில்லை. சாப்பிட்டு எழும்பும்போது அந்தப் பக்கத்துச் சோறு மட்டும் கை படாமல் கிடக்கும், ஒரு துண்டு ஈரலோடு. அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். என்னைக் கேட்காமல் எனக்காக வைத்த சோறு அதுவும்தான்.

பிள்ளை ஓடித் திரிகிற வயதில்தான் மகள் முதன்முறையாக ஊருக்கு வந்தாள். நானா ஆலங்குடா வீட்டில் சாப்பாடு வைத்தார். மூன்று நாளாக அதே வேலையாகத் திரிந்தார் என்று ராத்தா சொன்னாள். பாய் விரித்துச் சஹன் வைத்தார்கள். நானா உட்கார்ந்துகொண்டு, தன் வலது கைப் பக்கம் இரண்டு ஆள் இருக்கிற அளவுக்குப் பாயைக் கையால் தட்டிக் காட்டினார்.

"வா மகள். உம்மாவையும் கூட்டிட்டு வா" என்றார்.

பேரன் என் மடியில் நித்திரையாகியிருந்தான். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. மகள் போய் உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்குத்தான் கோபமில்லையே. அவள் நேரே போய் அலுமாரியைத் திறந்தாள். இரண்டு பீங்கானை எடுத்தாள். அவற்றைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்துக் கதிரையில் வைத்தாள்.

சஹனுக்குள் போன நானாவின் கை அப்படியே நின்றது.

"மகள், நீயுமா?"

"மாமா" என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை. "உம்மாவ வழியனுப்ப நீங்க எல்லாரும் வந்தீங்க. எனக்கிட்ட வாறதுக்கு இருந்தது உம்மா ஒராள்தான்."

நானா கையை எடுத்துக்கொண்டு கண்ணை மூடினார். இவர் வாசலில் நின்றவர் வெளியே போய்விட்டார். இத்தனை வருடமும் கோபம் என்னுடையது மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மகள் சட்டியிலிருந்து சோற்றை அள்ளி முதலில் என் பீங்கானில் வைத்தாள், பிறகு தன்னுடையதில்.